பெட்ரோனியஸ் பக்கத்தில் போய் உட்காருங்கள்

ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோம் சாம்ராஜ்யத்தில் பட்ட பாட்டைச் சொல்லும் சரித்திர நாவல்களில் இரண்டைப் படித்தவர், மூன்றாவதின் கதையைப் படிக்காமலே சொல்லிவிடலாம். திமிர் பிடித்த ஒரு படை அதிகாரி. அவன் கண்ணில் படும் கிறிஸ்தவப் பெண். நடுவில் ஒரு ரகசியக் கூட்டம், ஒரு காட்டிக்கொடுப்பவன். கடைசியில் அரங்கம், பசித்த மிருகங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சரக்கு மூட்டை மூட்டையாக இறங்கியது. பெரும்பாலானவற்றை இன்று பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது.

தேறுகிற சிலவற்றை ரசிக்க நான் சொல்லும் வழி இது: விசுவாசிகளை விட்டுவிட்டு, விசுவாசிக்காதவர்களைக் கவனியுங்கள். புனிதர்களை எழுதும்போது நாவலாசிரியனுக்குக் கை கட்டுப்பட்டுவிடுகிறது. குறையே இல்லாத பாத்திரம் வாயைத் திறந்தால் பிரசங்கம்தான் வரும். வாசல்படியில் நின்று உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று இழுபறியில் இருப்பவனிடம்தான் எழுத்தாளனுக்கு வேலை இருக்கிறது.

போலந்துக்காரர் ஹென்ரிக் சென்கீவிச்சின் 'க்வோ வாதிஸ்' இதற்கு முதல் உதாரணம். 1895, 96இல் தொடர்கதையாக வந்தது. காலம் ரோமப் பேரரசன் நீரோவின் கடைசி வருடங்கள். வினிசியஸ் என்ற அதிகாரி லிஜியா என்ற கிறிஸ்தவப் பெண்ணை விரும்புகிறான். லிஜியா நல்லவள், அழகி. அதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நாவலைத் தூக்கி நிறுத்துவது வினிசியஸின் தாய்மாமன் பெட்ரோனியஸ். நீரோவின் சபையில் எது ரசனை, எது ரசனைக் கேடு என்று தீர்ப்புச் சொல்லும் ஆள். சோம்பேறி, சுகவாசி, நாக்கில் விஷம். கிறிஸ்தவர்கள் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறான். இந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் அண்டை அயலார் எல்லோரையும் நேசிக்க வேண்டியிருக்குமே, அது தன்னால் ஆகிற காரியமா என்பதுதான் அவன் கவலை. கடைசிவரை மாறுவதில்லை. சென்கீவிச் கத்தோலிக்கர், கதை அவர் கையில்தான் இருந்தது, நினைத்திருந்தால் அவனுக்கும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் விட்டதில்தான் அவர் கலைஞர்.

பெட்ரோனியஸ் கற்பனை அல்ல. கி.பி. 66இல் நீரோவின் சந்தேகத்துக்கு ஆளாகி அவன் செத்த விதத்தை வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். ரத்தக் குழாயைத் திறந்துகொண்டான், கட்டினான், மறுபடி திறந்தான். நடுவில் நண்பர்களோடு பேச்சு. ஆத்மா அழியுமா அழியாதா என்ற விசாரம் இல்லை. லேசான பாட்டுகளும் வேடிக்கைக் கவிதைகளும். கொஞ்சம் தூங்கினான். நீரோ அடித்த கூத்துகளையெல்லாம் பட்டியல் போட்டு, முத்திரை வைத்து, நீரோவுக்கே அனுப்பினான். நீரோ கைக்குப் போய்விடக் கூடாது என்று 3 லட்சம் செஸ்டர்ஸ் பெறுமான அரிய கல் பாத்திரம் ஒன்றை உடைத்தான் என்கிறார் மூத்த பிளினி.

இதைப் படித்துவிட்டு நாவலின் அத்தியாயத்துக்கு வாருங்கள். விருந்து, இசை, உடையும் பாத்திரம், வைத்தியன் திறக்கும் ரத்தக் குழாய் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சென்கீவிச் கை வைத்தது கடிதத்தில். டாசிடஸிடம் அது ஒழுக்கக்கேடுகளின் பட்டியல். நாவலில் பெட்ரோனியஸ் அதை விருந்தாளிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறான்: நீ அம்மாவைக் கொன்றதை, ஊரைக் கொளுத்தியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், உன் பாட்டைக் கேட்பதுதான் தாங்க முடியவில்லை என்கிற தோரணை. கொலைகாரனுக்கு எது வலிக்கும் என்று தெரிந்தவன் எழுதிய கடிதம். பக்கத்தில் யூனிஸ். முன்பு அடிமையாக இருந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, முக்காலியில் ஏறி அவன் சிலையை முத்தமிட்டவள். அவளும் கையை நீட்டுகிறாள். மதம் மாறாத இந்த இருவர் சாவு, அரங்கத்துச் சாவுகளைவிட ஆழமாகத் தைக்கிறது.

அடுத்ததாக, இந்த நாவல்களைக் கையில் எடுக்குமுன் தலையில் ஏறியிருக்கும் சினிமாவைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள். நீரோ காலத்தில் கொலோசியம் கிடையாது. அது திறக்கப்பட்டது கி.பி. 80இல். கி.பி. 64இல் ரோம் எரிந்த பிறகு நடந்த கொலைகளை விவரிக்கும் டாசிடஸ் சிங்கத்தைச் சொல்லவில்லை. மிருகத் தோலைப் போர்த்தி நாய்களை ஏவினார்கள், சிலுவையில் அறைந்தார்கள், இருட்டியதும் விளக்குக்குப் பதிலாக ஆட்களையே கொளுத்தினார்கள். நீரோ தேரோட்டி வேஷத்தில் கூட்டத்தோடு கலந்து திரிந்தான். டாசிடஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கட்டோடு பிடிக்காது. அவரே, ஜனங்களுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று எழுதும் இடம் எந்த நாவலையும் மிஞ்சும். நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து ஜெபித்தார்கள் என்பதும் நாவல்கள் பரப்பிய சித்திரம். அவை பிணம் அடக்கம் செய்த இடங்கள். அவற்றின் காலமும் 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னே போவதில்லை. கூடியது வீடுகளில். பைபிளில் ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடும் சபைக்கு பவுல் வாழ்த்துச் சொல்கிறார்.

இன்னொரு ஆளையும் தெரிந்துகொள்ளுங்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநராக இருந்த இளைய பிளினி. பிடிபட்ட கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று புரியாமல் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் போடுகிறார். தேடிப் போகாதே, மொட்டைக் கடுதாசியை ஏற்காதே, ஒப்புக்கொண்டு விடாப்பிடியாக நின்றால் தண்டி என்று பதில். அசல் ரோம அதிகாரி பெரும்பாலும் இந்த ரகம்: ராட்சசன் அல்ல, கோப்பை முடிக்கத் தவிக்கும் ஆபீசர். நாவலின் அதிகாரி கண்ணை உருட்டுகிறவனா, பிளினி மாதிரி குழம்புகிறவனா என்று பாருங்கள். எழுத்தாளனின் தரம் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையில் முதலிடம் பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' நாவலுக்கு. 1950இல் ஸ்வீடிஷ் மொழியில் வந்தது. மறு வருடம் ஆசிரியருக்கு நோபல். தமிழில் க.நா.சு. 'அன்பு வழி' என்ற பெயரில் கொடுத்திருக்கிறார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான குற்றவாளி பிறகு என்ன ஆனான் என்பதே கதை. அவனுக்கு நம்பத் தெரியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. சைப்ரஸ் செப்புச் சுரங்கத்தில் சகாக் என்ற அடிமையோடு ஒரே சங்கிலியில் கிடக்கிறான். அடிமைகள் கழுத்தில் தொங்கும் உலோகத் தகட்டின் முன்பக்கம் அரசாங்க முத்திரை. சகாக்கின் தகட்டில் பின்பக்கம் கிறிஸ்துவின் பெயர் கீறியிருக்கிறது. பாரபாஸும் கேட்டுக் கீறிக்கொள்கிறான். விஷயம் ஆளுநர் காதுக்குப் போகிறது. ஆளுநர் கத்துவதில்லை, இதமாக விசாரிக்கிறார். சகாக் மறுக்காமல் சாகிறான். பாரபாஸ் தனக்குக் கடவுள் இல்லை என்கிறான். பின் ஏன் இந்தப் பெயர் என்றால், நம்ப ஆசை என்கிறான். ஆளுநர் கத்தி முனையால் தகட்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டு அனுப்பிவிடுகிறார். அடிபட்ட அந்தப் பெயர் மீதிக் கதை முழுக்க அவன் நெஞ்சில் கிடக்கிறது. இந்த ஒரு தகட்டை வைத்து லாகர்குவிஸ்ட் செய்ததைச் செய்ய மற்றவர்களுக்கு நூறு சிங்கம் தேவைப்பட்டது.

எழுதப்பட்ட காலத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். 'க்வோ வாதிஸ்' வந்தபோது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் இல்லை. மூன்று வல்லரசுகள் பங்கு போட்டிருந்தன. லிஜியாவின் குலம் பிற்காலப் போலந்து மண்ணைச் சேர்ந்தது. அவளைக் காட்டெருதின் தலையில் கட்டி அரங்கில் விட, அவள் காவலாள் உர்சுஸ் வெறுங்கையால் அதன் கழுத்தைத் திருகும் காட்சியைப் போலிஷ் வாசகர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். இங்கிலாந்தில் நடந்தது வேறு சண்டை. ஆங்கிலிக்கன் பாதிரியார் கிங்ஸ்லி 1853இல் 'ஹைபேஷியா'வில் அலெக்சாண்டிரியாத் துறவிகளை வெளுத்து வாங்க, அடுத்த வருடமே கத்தோலிக்கக் கார்டினல் வைஸ்மன் 'ஃபேபியோலா'வோடு வந்துவிட்டார். இரண்டையும் அந்தச் சண்டைக்காகப் புரட்டலாம், நாவலுக்காக வேண்டாம்.

'அன்பு வழி'யில் தொடங்குங்கள், சின்னப் புத்தகம். 'க்வோ வாதிஸ்' பெரியது. ஆங்கிலத்தில் படிப்பதானால் ஜெரமையா கர்ட்டினின் 1896 மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம், நடை கொஞ்சம் விறைப்பு. குனிசாக்கின் 1993 மொழிபெயர்ப்பு சரளமாக ஓடும். பொறுமை குறைந்தவர்கள் பெட்ரோனியஸின் விருந்தை முதலில் படித்துவிட்டு ஆரம்பத்துக்குத் திரும்பலாம். முடிவு தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். அவன் செத்த கதை டாசிடஸ் எழுதிய நாளிலிருந்தே ஊரறிந்த சேதிதான்.