பாதியில் நிற்கும் பாடம்

பேறுகால விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக வருகிறவருக்கு முதல் நாள் கிடைப்பது ஒரு வருகைப் பதிவேடும் பாதியில் நிற்கும் பாடமும்தான். கெட்டிக்காரர்கள் அன்று முதலில் பாடப் புத்தகத்தைத் திறப்பதில்லை. முன் பெஞ்சுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிக் கடைசியாக எழுதிய பக்கத்தைப் பார்க்கிறார்கள். தேதி, தலைப்பு, சிவப்பு மை டிக், ஓரத்தில் விடைத்தாளில் இருப்பது போலப் போட்ட கோடு. போனவர் எங்கே நிறுத்தினார், பிள்ளைகளை எப்படிப் பழக்கியிருக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே இருக்கிறது.

வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் போட ஆரம்பித்ததும் குரல் எழும்: "எங்க மிஸ் இப்படிப் போட மாட்டாங்க!" இந்த இடத்தில்தான் அந்த வேலையின் நயத்தை நான் ரசிக்கிறேன். அதட்டாமல், "அவங்க எப்படிப் போடுவாங்க? வந்து காட்டு" என்று சாக்பீஸை நீட்டுகிறவர் நல்ல ஆசிரியர். பிள்ளை எழுதுகிறது, வகுப்பு முழுக்கத் திருத்துகிறது. பழைய முறையும் காப்பாற்றப்பட்டது, புதியவரும் உள்ளே வந்துவிட்டார்.

இப்படித் தற்காலிகமாக வந்து பாடம் நடத்துவதற்குக் கூலி குறைவு. 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளின் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிகமாக நிரப்பியபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்தது மாதம் 7,500 ரூபாய். பிறகு கூட்டினார்கள். இன்னும் கூட்ட வேண்டும்.

பணி முடிந்து கிளம்பும்போது, யாருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் பிடிபடவில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்துப் போகிறவர்கள் உண்டு. அந்தத் தாளை எல்லாப் பள்ளிகளும் கேட்டு வாங்க வேண்டும்.