நாளுக்கு இரண்டு குறுஞ்செய்திகள்

டப்ளினில் உள்ள புனித பேட்ரிக் மருத்துவமனை, எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிவைத்த சொத்தில் எழுந்த மனநல மருத்துவமனை. குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்தே பீடித்தவர்கள் அங்கே தங்கிச் சிகிச்சை பெறலாம். அப்படிப் பெற்று வீடு திரும்பிய 54 பேரிடம் மனநல மருத்துவர் வின்சென்ட் அக்யாபோங் குழுவினர் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. 26 பேருக்கு மூன்று மாதம், நாளுக்கு இரண்டு ஆறுதல் குறுஞ்செய்திகள். மற்ற 28 பேருக்கு, பங்கேற்பதற்கு நன்றி என்று இரு வாரத்துக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். கைப்பேசிவழி உதவியை ஆதரிப்பவர்கள் அடிக்கடி காட்டும் சான்று இது; உரசிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

மனச்சோர்வில் கிடைத்த பலன் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. மனச்சோர்வை அளக்கும் பெக் அளவுகோலில், மூன்று மாத முடிவில், செய்தி பெற்றவர்களின் சராசரி 8.5, மற்றவர்களுடையது 16.7. அந்தக் கணக்கில் 13 வரை பெரிதாகக் கவலைப்பட ஏதுமில்லை. 14இல் லேசான மனச்சோர்வு தொடங்குகிறது. ஆனால் இது நோயாளி தானே நிரப்பும் வினாத்தாள். யார் எந்தக் குழு என்பது மதிப்பிட்டவருக்குத்தான் தெரியாது, செய்தி பெற்றவருக்கு நன்றாகவே தெரியும். மூன்று மாதம் நாள் தவறாமல் தன்னை நினைத்தவர்களிடம் ‘பரவாயில்லை, தேவலை’ என்று சொல்லத்தானே மனம் வரும்? வித்தியாசம் முழுவதையும் இந்தத் தாட்சண்யத்தில் கழித்துவிட முடியாது. கொஞ்சமாவது கழிக்கத்தான் வேண்டும்.

குடியைப் பொறுத்தவரை சான்று மெலிந்தது. குடிக்காமல் இருந்த நாட்கள் சராசரியாகச் செய்தி பெற்றவர்களுக்கு 88, மற்றவர்களுக்கு 79. புள்ளியியல் உறுதியை எட்டாத இடைவெளி. மூன்று மாதத்தில் இருப்பதே 90 சொச்சம் நாட்கள்தான். செய்தி பெறாதவர்களே அதில் பெரும்பகுதியைக் குடிக்காமல் கழித்திருக்கும்போது, முன்னேறிக் காட்ட இடம் எங்கே? எந்தச் சிகிச்சையும் பெறாமல் இன்றும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு இது உதவுமா என்ற கேள்விக்கு இங்கே விடை தேடுவது வீண்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஆறாம் மாதக் கணக்கு. செய்திகள் நின்று மூன்று மாதம் ஆனபின், மனச்சோர்வில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செய்தி வந்த காலம் வரை அது தாங்கியது. தானே நிற்கும் பலத்தைத் தரவில்லை.

அக்யாபோங் பின்னர் கனடாவின் ஆல்பர்ட்டாவில், 2020 மார்ச்சில், ‘டெக்ஸ்ட் ஃபார் ஹோப்’ திட்டத்தைத் தொடங்கினார். கொரோனாப் பதற்றத்தில் இருந்த யாரும் சேர்ந்துகொள்ள முடிந்தது, தினமும் ஒரு செய்தி வந்தது. முதலில் வந்த மதிப்பீடுகள், படிவம் நிரப்பியவர்களின் முன்நிலையையும் பின்நிலையையும் ஒப்பிட்டவை. முதல் அலையின் பீதி தானாகவும் தணிந்திருக்கலாம் என்பதால் இவற்றுக்கு நான் அதிக மதிப்பெண் தரமாட்டேன்.

மருத்துவமனையிலிருந்து வெளிவந்த முதல் சில மாதங்களுக்குத் துணையாகக் குறுஞ்செய்தியைக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. செலவு சொற்பம், கிடைக்கும் தாங்கல் உண்மையானது. ஆனால் அதே சொற்பச் செலவைக் காட்டி, ஆலோசகர் பணியிடங்களை நிரப்பாமல் குறுஞ்செய்தியால் ஈடுகட்டப் பார்க்கும் நிர்வாகிக்கு டப்ளின் ஆய்வு துணைவராது. அதில் செய்தி பெற்றவரும் பெறாதவருமாக 54 பேரும் முழுச் சிகிச்சை முடித்து வந்தவர்கள்.