வெகுளிக்கு மதிப்பெண் உண்டா?

'மனவெழுச்சி நுண்ணறிவு' என்ற தொடரை பி.எட். படித்தவர்கள் ஒருமுறையாவது மனப்பாடம் செய்திருப்பார்கள். 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கட்டுரையாக எழுதிய கருத்து இது. 1995இல் டேனியல் கோல்மனின் நூல் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இப்போது அந்த அளவுகோல் மறுவாழ்வு மையங்களுக்குள்ளும் வந்துவிட்டது. போதைக்கு அடிமையானவரிடம் வினாநிரலைக் கொடுக்கிறார்கள். மதிப்பெண் குறைகிறது, உளநல மதிப்பெண்ணும் கூடவே குறைகிறது, ஆகவே பயிற்சி தேவை என்று ஆய்வேடு முடிகிறது. இத்தகைய வினாநிரல்களின் தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி ஆய்வு மாணவிகள் என்னிடம் வருவதுண்டு. அப்படிப் படித்ததில் எழுந்த மறுப்பு இது.

அந்த முடிவின் ஒரு பாதியோடு எனக்குச் சண்டையில்லை. உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் 'அலெக்சிதைமியா' என்று பெயரிட்டார். குடிநோயாளிகளிடம் அது கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நம் தெருவிலேயே அதைக் கேட்கலாம். "ஒரு மாதிரியா இருக்கு", "கடுப்பா இருக்கு", "டென்ஷன்." கடன்காரனிடம் உள்ள பயம், மகள் முன்னால் பட்ட அவமானம், அம்மா செத்த துக்கம் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடைந்து கிடக்கின்றன. ஆம்பளை அழக்கூடாது என்று ஐந்து வயதில் வாயை அடைத்துவிட்டால் நாற்பது வயதில் சொல் எங்கிருந்து வரும்? குவார்ட்டர்தான் வரும்.

ஆனால் அவனிடம் இல்லாத அந்த அறிவை அதே வீட்டில் இன்னொருத்தி வைத்திருக்கிறாள். வண்டியை நிறுத்தும் சத்தத்திலேயே இன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணித்துவிடுவாள். சோற்றை உடனே போடுவதா, பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதா என்பதெல்லாம் அரை நிமிடத்தில் முடிவாகும். காலையில் அவன் வெட்கப்படுவதை அவனுக்கு முன்பே அறிந்து பேச்சை மாற்றுவாள். அதே வினாநிரலை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். பிறர் முகம் பார்த்து மனம் அறிவதில் முழு மதிப்பெண், கோபத்தை அடக்குவதிலும் முழு மதிப்பெண். உளநலம்? ராத்திரித் தூக்கம் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். நுண்ணறிவு கூடினால் நலமும் கூடும் என்ற சூத்திரம் அந்த அடுப்படியில் பொய்த்துப்போகிறது. அவள் தேர்ச்சி பெற்றது அச்சத்தில். அது செலவாவதும் அவளுக்காக அல்ல.

தமிழ் படித்தவள் என்பதால் என் கை மெய்ப்பாட்டியல் பக்கம் போகிறது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைத் தருகிறார். உள்ளே என்ன உணர்கிறாய் என்பதோடு நிற்காமல், உனக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்கும் முறை அது. அழுகைக்குரிய நான்கில் வறுமையும் ஒன்று. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பைச் சிதைப்பது, சார்ந்தவர்களுக்குக் கேடு செய்வது, அடித்து வருத்துவது, கொல்வது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு மகளிர் காவல் நிலையத்துப் புகார் மனுக்கள்தான் நினைவுக்கு வரும். (குடிகோளில் வரும் குடி வேறு. மாணவிகள் சிரிக்கத்தான் செய்வார்கள்.) இத்தனை காரணம் இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வெகுளி வரவில்லை என்றால் அதை நுண்ணறிவு என்பதா? வினாநிரலில் கோபம் கழித்தல் கணக்கு. எதிர்வீட்டு அத்தை சொல்லும் "அனுசரிச்சுப் போ தாயி"யும், ஆய்வேடு சொல்லும் 'மனவெழுச்சி மேலாண்மை'யும் கடைசியில் அவளிடம் ஒன்றையேதான் கேட்கின்றன.

வறுமையைச் சொன்னதும், பாவம், கஷ்டத்தில் குடிக்கிறான் என்று கிளம்புவார்கள். அதே கஷ்டத்தில்தான் அவளும் இருக்கிறாள்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடும்பத்தாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அதன் மருத்துவமனையில் நடைமுறையானது. ஒரு பெண் தன் துக்கத்திலிருந்து கட்டிய மாற்று அது. ஆனால் 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

அதே அறிக்கையில் குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். அந்த 1.6 பற்றி நான் திருத்திய வினாநிரல்கள் எதுவும் கேட்கவில்லை. ஓர் ஆய்வேட்டில் 'வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி இருந்தது: பெண் நோயாளிகள் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைப்பார்கள்? ஆண் குடித்தால் கஷ்டம், பெண் குடித்தால் ஒழுக்கம் என்று இரண்டு அகராதிகள் வைத்திருக்கிறோம். குடிக்கும் கணவனுக்குத் துணையாக மனைவி மையத்தில் வந்து தங்குகிறாள். குடிக்கும் மனைவிக்குத் துணையாக வந்து தங்கிய கணவனைப் பற்றி நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.