பச்சைச் சிலுவைக் கொடி: ஒரு மதிப்பீடு

ஜப்பானில் கட்டுமானத் தளம் ஒன்றின் வாசலில் நின்றால் முதலில் கண்ணில் படுவது பச்சைச் சிலுவைதான். வெள்ளைத் துணியில் நான்கு கைகளும் ஒரே நீளமாக அமைந்த சின்னம். வேலியிலும் தொழிலாளியின் தலைக்கவசத்திலும் ‘பாதுகாப்பே முதல்’ என்னும் எழுத்துகளோடு அதுவே இருக்கும். 1919இல் டோக்கியோவில் நடந்த பாதுகாப்பு வாரத்துக்காக கமோ தோஷிபூமி முன்வைத்தது இது. 1953இல் தொழிலாளர் உடல்நலத்துக்கென்று நிறத்தை மாற்றிப்போட்டு, பச்சையில் வெள்ளைச் சிலுவையாக இன்னொரு கொடி வந்தது. 1965இல் இரண்டையும் இணைத்து மூன்றாவது கொடி.

முதல் கொடி நல்ல சின்னம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தூரிகையால் வரைந்துவிடலாம், தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் அது தொழிலாளிக்கு எந்தச் செய்தியும் சொல்வதில்லை. பாரந்தூக்கி இயங்கும் தளங்களில் கட்டியிருக்கும் காற்றுப்பையைப் பாருங்கள். அது நிமிர்ந்து படபடத்தால் காற்று வலுக்கிறது என்று பொருள். பத்து நிமிடச் சராசரி வினாடிக்கு 10 மீட்டரை எட்டினால் அது பலத்த காற்று. ஆபத்து வரும் என்று தெரிந்தால் பாரந்தூக்கி வேலையை நிறுத்தியாக வேண்டும் என்பது ஜப்பானிய விதி. காற்றுப்பை ஓர் உயிரைக் காக்க முடியும். பச்சைச் சிலுவை, காக்க வேண்டும் என்ற உறுதிமொழியை நினைவூட்ட மட்டுமே முடியும்.

1953ஆம் ஆண்டுக் கொடியின் சிக்கல் வேறு. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை என்பது இன்று உலகெங்கும் முதலுதவி இருக்கும் இடத்தைக் காட்டும் குறி. வியட்நாமிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்து வேலை பார்க்கும் இளைஞர், கை வெட்டுப்பட்ட பதற்றத்தில் அந்தக் கொடியை நோக்கி ஓடினால் அது அவருடைய பிழையல்ல. தவறாகப் படிக்க இடம் தரும் குறி வேலைத்தளத்தில் இருக்கவே கூடாது.

விபத்துகள் குறைந்ததற்குக் கொடியே காரணம் என்ற பெருமிதத்தையும் எடைபோட வேண்டும். நாடு தழுவிய பாதுகாப்பு வாரம் 1928இல் தொடங்கி, போர்க் காலத்திலும் விடாமல் நடந்தது. அப்படியிருந்தும் 1961இல் பணியிட விபத்துகளில் 6,712 பேர் இறந்தார்கள். 1963 நவம்பரில் மீகே சுரங்க வெடிப்பில் மட்டும் 458 பேர். 1972இல் தொழிற்பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் சாவு 5,631. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அது 3,000க்குக் கீழே இறங்கியது. இயந்திரங்கள் மாறியதற்கும் சுரங்கங்கள் மூடப்பட்டதற்கும் இதில் பங்குண்டு. கொடியோ ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் ஒரே மாதிரிதான் பறந்துகொண்டிருந்தது.

சிலுவை உண்மையிலேயே வேலை செய்யும் இடம் தொழிற்கூடத்தின் உட்சுவர். பல ஆலைகளில் சிலுவை வடிவில் 31 கட்டங்கள் கொண்ட ஒரு தாளை ஒட்டிவைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிவில் ஒரு கட்டத்துக்கு நிறம் தீட்ட வேண்டும். விபத்தில்லாத நாளுக்குப் பச்சை, சிறு காயத்துக்கு மஞ்சள், வேலைக்கு வர முடியாத அளவுக்கு அடிபட்டால் சிவப்பு. மாதம் முடியும்போது தளத்தின் நிலை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கொடியால் முடியாததை இந்தத் தாள் செய்கிறது.

அபாயமும் இதே தாளில்தான் இருக்கிறது. 27 பச்சைக் கட்டங்களுக்குப் பிறகு ஒருவரின் விரல் நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மையை எடுக்க மேற்பார்வையாளரின் கை தயங்கும். அடிபட்டவரே ‘என்னால் எல்லாருக்கும் கெட்ட பெயர்’ என்று மருத்துவரிடம் வேறு காரணம் சொல்லக்கூடும். விபத்தை மறைக்கும் இந்த வழக்கத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ரோசாய் ககுஷி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. அதற்கு 5 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. 1919ஆம் ஆண்டுச் சின்னம் கொடிமரத்தில் இருக்கட்டும்; சாவு குறைந்த கணக்கை மட்டும் அதன் பேரில் எழுத வேண்டாம். 1953ஆம் ஆண்டுக் கொடியை வேலைத்தளத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். சுவரில் இருக்கும் சிலுவைத் தாள் இந்தக் குடும்பத்திலேயே பயனுள்ளது. ஆனால் பச்சைக் கட்டங்களின் எண்ணிக்கைக்குப் பரிசு தரும் ஆலையில் அதை நம்ப முடியாது. சிவப்பு விழுந்த மறுநாள் காலைக் கூட்டத்தில் யார் செய்தது என்று கேட்காமல், எந்த இயந்திரத்தில், எந்தக் காப்பு இல்லாமல் நடந்தது என்று கேட்கும் ஆலையில்தான் அந்தத் தாளை நான் நம்புவேன்.