லிட்டர் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்

2025-26 தமிழக பட்ஜெட்டில் போக்குவரத்துத் துறையின் இரண்டு கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. டீசல் மானியம் 1,857 கோடி ரூபாய். புது மின்பேருந்துகள் 1,125: சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. நாகர்கோவிலுக்கு ஒண்ணுகூட இல்ல.

டீசல் மானியமே வேண்டாம்னு நான் சொல்ல வரல. அரசுப் பேருந்துக் கட்டணம் கடைசியா ஏறினது 2018 ஜனவரியில். அப்போ டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே; பிறகு 90-ஐத் தாண்டிட்டு. இந்த இடைவெளியை அரசு தாங்கலேன்னா, பேச்சிப்பாறை, கீரிப்பாறை மாதிரி மலையோர ஊர்களுக்குப் போற பஸ்தான் முதல்ல நிக்கும்.

என் குறை, பணம் எதை வைத்து அளக்கப்படுகிறது என்பதில்தான். விலையேற்றத்தை ஈடுகட்டும் மானியம், எரிந்த டீசலின் பின்னாலேயே போகும். டீசலைத் தொடாத வண்டிக்கு அதில் பங்கு இல்லை. இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே பஸ் நடத்துவோருக்கு டீசல் லிட்டருக்கு 34.57 பென்ஸ் மானியம். அதோடு 2009-ல் குறைந்த கார்பன் வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 6 பென்ஸ் சேர்த்தார்கள். 2022-ல் புகையே விடாத பஸ்ஸுக்கு அதை 22 பென்ஸ் ஆக்கினார்கள்.

கிலோமீட்டர் கணக்கு நமக்கும் புதுசில்ல. 2025 ஜூனில் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்பேருந்துகளுக்கு ஒப்பந்த நிறுவனம் பெறுவது ஓடிய கிலோமீட்டருக்கான பணம்தான்.

அப்புறம் ஏன் குமரிக்கு இல்ல? பங்கு பிரிப்பது நகரத்தின் அளவை வைத்து. மத்திய அரசின் பிஎம் இ-பஸ் சேவா திட்டத்துக்கும் 3 லட்சம் மக்கள்தொகைதான் பொதுவான வரம்பு. 2011 கணக்கில் நாகர்கோவில் சுமார் 2.25 லட்சம். ஆனா மாவட்டம் முழுக்க 18.7 லட்சம் பேர். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள். மக்கள் நெருக்கத்தில் தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம். நாகர்கோவில்ல ஏறி தக்கலை, மார்த்தாண்டம் வழியா களியக்காவிளை போனா, எந்த ஊர் எங்க முடியுதுன்னே தெரியாது. 40 கிலோமீட்டருக்குள் நீளும் ஒரே பட்டணம் இது. கணக்கெடுப்பில் மட்டும் பல பேரூராட்சிகள். மின்பேருந்துக்கு இதைவிடத் தோதான தடம் வேற என்ன இருக்கு?

மானியத்தில் ஒரு பங்கையாவது ஓடிய கிலோமீட்டருக்குக் கொடுக்கலாம். மலைத்தடங்களுக்குக் கூடுதல் விகிதம் வைக்கலாம். மின்பேருந்தைப் பிரிக்கும்போது நகரத்தைப் பார்க்காமல் தடத்தில் ஏறும் கூட்டத்தைப் பார்க்கலாம். அதுவரைக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு அடியில் டீசல் பஸ்தான் புகை விட்டுட்டுப் போகும்.