கழற்றி மாட்டும் வழக்கம்: லாபமும் நட்டமும்

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் வந்த தோட்ட டிராக்டர்களை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையில் புல் வெட்டவும், குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளவும், காய்கறிப் பாத்தியை உழவும் அவை உழைக்கின்றன. வார்ப்பிரும்புப் பின்அச்சும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினும் லேசில் படுப்பதில்லை. வண்டி இழுக்க மறுத்தால் பழி முதலில் விழுவது ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன் மேல்தான். உடனே உதிரிக்கென்று இன்னொரு பழைய வண்டியை வாங்கி, அதிலிருப்பதைக் கழற்றி இதில் மாட்டிவிடுகிறார்கள். ஹைட்ரோ வண்டியைக் கியர் வண்டியாகவும், கியர் வண்டியை ஹைட்ரோவாகவும் மாற்றுகிறவர்களும் உண்டு. இந்த வழக்கம் எத்தனையோ வண்டிகளைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறது. நோய் என்னவென்று பார்க்காமலே உறுப்பை மாற்றும் அவசரத்தையும் அதுவேதான் வளர்த்துவிட்டிருக்கிறது.

ஹைட்ரோஸ்டாடிக்கில் எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுழற்றும். பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் சக்கரத்தை ஓட்டும். பம்புக்குள் ஒரு சாய்தட்டு இருக்கிறது. அது நிமிர்ந்து நின்றால் பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ளாது, அதுதான் நியூட்ரல். ஒரு பக்கம் சாய்த்தால் வண்டி முன்னே போகும், மறுபக்கம் சாய்த்தால் பின்னே வரும். சாய்வு கூடக் கூட வேகமும் கூடும். கசியும் எண்ணெயை ஈடுகட்டச் சின்னதாக இன்னொரு பம்பு உள்ளேயே உழைத்துக்கொண்டிருக்கும்.

கியரையும் ஹைட்ரோவையும் நேர்மையாக ஒப்பிட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் வரிசையே நல்ல களம். 122, 123 என்ற இரண்டுக்கும் ஒரே 12 குதிரைத்திறன் கோலர் எஞ்சின். 122இல் கிளட்ச்சும் மூன்று முன்கியரும்; 123இல் சண்ட்ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் ஹைட்ரோ. புல் வெட்டும்போதும் பனி தள்ளும்போதும் 123 பக்கம்தான் கை போகும். முன்னும் பின்னும் நூறு தடவை போய்வர வேண்டிய வேலையில் கிளட்ச்சை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடும். உழவுக்கு இறங்கினால் 122 முந்திக்கொள்ளும். கியரில் எஞ்சினின் சக்தி பெரும்பாலும் சிந்தாமல் சக்கரத்துக்குப் போகிறது. ஹைட்ரோவில் கியரைவிடக் கூடுதலான பங்கு எண்ணெயின் சூடாகக் கரைந்துவிடுகிறது. ஆக, எது உயர்ந்தது என்ற கேள்வியைவிட, வண்டிக்கு என்ன வேலை என்ற கேள்விதான் பயன் தரும்.

இந்த இடத்தில் பலர் குழம்புவது கேஸ் நிறுவனத்தின் டிராக்டர்களைப் பார்த்து. அவையும் எண்ணெய் அழுத்தத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் பம்பில் சாய்தட்டு கிடையாது. ஒரே அளவில் எண்ணெய் தள்ளும் பம்பு, அதன் ஓட்டத்தைத் திருப்பிவிடும் வால்வு, சக்கரத்தின் பக்கம் ஒரு மோட்டார், அவ்வளவுதான். குழாய்கள் வெளியே இருப்பதால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக மாற்றலாம். அந்த வண்டியில் கிடைத்த அனுபவத்தை வைத்து சண்ட்ஸ்ட்ராண்ட் யூனிட்டுக்குத் தீர்ப்பு சொன்னால் பொருந்தாது.

மாற்றும் வழக்கத்தின் பெரிய பலம், அந்தக் கால வண்டிகள் கழற்றி மாட்டுவதற்கு இடம்கொடுப்பதுதான். இன்றைய மலிவு ரகப் புல்வெட்டி டிராக்டர்களில் வரும் டஃப் டார்க் கே46 போன்ற யூனிட்டுகள் பலவற்றில் எண்ணெய் வடிக்கக்கூட அடைப்பான் இருக்காது. பழையவற்றில் போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வரும். புதிய உதிரி அரிதாகிப்போன நிலையில், எஞ்சின் செத்த வண்டியிலிருந்து நல்ல ஹைட்ரோவை எடுப்பது கெட்டிக்காரத்தனம்தான்.

குறை எங்கே என்றால், கெட்டுப்போனது என்று கழற்றப்படும் ஹைட்ரோக்களில் கணிசமானவை கெட்டே இருப்பதில்லை. கப் கேடட்டில் எல்லோரும் சொல்லும் புகார், நியூட்ரலில் வைத்தாலும் வண்டி ஊர்கிறது என்பது. காரணம் பெரும்பாலும் பம்புக்கு வெளியே இருக்கிறது. சாய்தட்டைத் திருப்பும் கையிலுள்ள துவாரம் வருடக்கணக்கில் தேய்ந்து அகன்றுவிடும். லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் அந்தத் தளர்வு (‘பிளே’) காரணமாகத் தட்டு முழுக்க நிமிராது. தேய்ந்த இடத்தை வெல்டிங்கில் நிரப்பி அரத்தால் ராவிவிட்டால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கும். இதற்குப் போய் வேறொரு யூனிட்டை மாட்டினால், அதுவும் அதே வயதுதான், அதே தேய்மானம்தான்.

மற்ற அறிகுறிகளும் பேசும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இழுத்து, சூடேறியதும் சோர்ந்தால் உள்ளே தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். ஒரு திசையில் மட்டும் பலமில்லை என்றால் அந்தப் பக்கத்து வால்வைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நுரைத்து யூனிட் கத்தினால் எங்கோ காற்று புகுகிறது. குளிர்விக்கும் துடுப்புகளில் புல்லும் தூசும் அப்பிக்கிடந்தால், நல்ல பம்புகூடச் சூட்டில் திணறும்.

மாற்றியே தீர வேண்டும் என்றாலும் அரைகுறை மாற்றம் ஆபத்து. கப் கேடட்டில் ஹைட்ரோவும் பின்அச்சும் ஒரே எண்ணெயைத்தான் குடிக்கின்றன. பழைய பின்அச்சைக் கழுவாமல் பம்பை மட்டும் மாற்றினால், பழைய பம்பு உதிர்த்த இரும்புத்தூள் புதியதைப் பதம் பார்க்கும். கியர் வண்டிக்கு ஹைட்ரோ வைப்பவர் கிளட்ச்சை எடுத்துவிட்டு வேறு ஷாஃப்ட் போட வேண்டும். அதன்பின் எஞ்சினும் பம்பும் எப்போதும் இணைந்தே சுற்றும். பனிக்கால விடியலில் கெட்டிப்பட்ட எண்ணெயையும் சேர்த்து ஸ்டார்ட்டர்தான் சுழற்றியாக வேண்டும். வீல் ஹார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளில் பெல்ட் வழியாக ஓட்டம் வருவதால் அங்கே சிக்கல் வேறு: புல்லியும் பெல்ட் நீளமும் ஒத்துவர வேண்டும். அதே நிறுவனம் முதலில் சண்ட்ஸ்ட்ராண்டையும் பிறகு ஈட்டனையும் பயன்படுத்தியதால் எந்த எண்ணெய் என்பதும் யூனிட்டைப் பொறுத்தது. பிரேக்கை மறந்துவிட்டு மாற்றத்தை முடிப்பவர் சரிவில் அதற்கு விலை கொடுப்பார்.

இன்னொரு நட்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு வண்டியை ஓட்ட இன்னொன்றைப் பிரிக்கிறோம். ஊர்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக நல்ல பின்அச்சுகளைப் பிரித்துக்கொண்டே போனால், நாளை உண்மையில் பம்பு செத்தவருக்கு உதிரி மிஞ்சாது.

ஆகவே மாற்றுவது தவறில்லை, வரிசைதான் முக்கியம். துடுப்பைச் சுத்தம் செய்து, உரிய எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, லீவர் இணைப்புகளின் பிளேயை எடுத்து, வண்டியைச் சூடேறும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், அதே வரிசை வண்டியிலிருந்து பம்பு, பின்அச்சு, ஷாஃப்ட், லீவர், பிரேக் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக எடுத்து மாட்டலாம். முழு நாளும் உழவே வேலை என்பவருக்கு மட்டும் கியருக்குத் திரும்புவது நியாயம். மற்றவர்கள் உதிரி வண்டி தேடிப் புறப்படுமுன் வெல்டிங் கடைக்கு ஒரு நடை போய்வருவது நல்லது.