செத்த காலேஜும் நூலக வரியும்

கலை நிறுவனங்களுக்கு அரசு எதற்காகப் பணம் தரவேண்டும் என்கிற கேள்வி இப்போது நம் நண்பர்கள் மத்தியிலேயே கேட்கப்படுகிறது. கேட்கிற தொனி இரண்டு வகை. ஒன்று கணக்குப்பிள்ளைத் தொனி. எத்தனை பேர் வந்தார்கள், டிக்கெட்டில் எவ்வளவு தேறியது, சொந்தக் காலில் நிற்க முடியாத நிறுவனத்தை இழுத்து மூடினால் என்ன? மற்றது கொஞ்சம் புரட்சிகரமானது. 'சோத்துக்கே வழியில்லாதவன் கட்டுற வரியில மேட்டுக்குடி ரசிகனுக்கு வெண்கலச் சிலை என்னத்துக்கு?' இதற்குக் கலை ஆர்வலர்கள் சொல்லும் பதில் நமக்குப் பழக்கமானது: மக்களின் ரசனையை உயர்த்த வேண்டும், அதற்குச் செலவு ஆகத்தான் செய்யும். மூன்று தரப்பும் சண்டை போட்டுக்கொண்டாலும் ஓர் அனுமானத்தில் மூவரும் ஒன்று என்று தோன்றுகிறது. இந்தக் கட்டடங்கள் ரசிகனுக்கானவை. ரசிகனாக இல்லாதவன் ஒன்று வரமாட்டான், அல்லது வந்து ரசிகனாக மாறவேண்டும். இந்த அனுமானத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையை ஒட்டிய ஒரே வளாகத்துக்குள் அருங்காட்சியகம், கன்னிமாரா நூலகம், ஓர் அரங்கம், தேசியக் கலைக்கூடம் என்ற பெயரில் ஒரு சிவப்புக் கட்டடம் எல்லாம் இருக்கின்றன. அருங்காட்சியகம் தொடங்கியது 1851இல். நூலகம் திறக்கப்பட்டது 1896இல். அருங்காட்சியகத்துக்குச் சென்னை ஜனங்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் உள்ள இடம் என்பதால் அப்படி. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். கல்கத்தாக்காரர்கள் தங்கள் அருங்காட்சியகத்தை ஜாதூகர், அதாவது மாயவீடு, என்றார்கள். நம்மாட்கள் காலேஜ் என்றார்கள். தங்களில் யாரும் உள்ளே போகமுடியாத காலேஜ் என்ற சொல்லை எடுத்து, தாங்கள் குடும்பத்தோடு போய்வரும் இடத்துக்குச் சூட்டினார்கள். இதைக் கேலி என்றும் கொள்ளலாம், உரிமை கோரல் என்றும் கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

காணும் பொங்கலன்று இந்தச் செத்த காலேஜுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் செய்ததற்குத் தமிழில் ஒரு வார்த்தை உண்டு: வேடிக்கை பார்ப்பது. நம் அழகியல் சொல்லாடலில் இந்த வார்த்தைக்கு இடமே கிடையாது. ரசனை, அனுபவம், தரிசனம் எல்லாம் இருக்கிறது. 'சும்மா வேடிக்கை பாக்க வந்தேங்க' என்பவனைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு கலைச்சொல்கூட இல்லை.

திருவாலங்காட்டு நடராசர் சிலை இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதன் புகைப்படங்களைப் பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதிய கட்டுரை 1921இல் அச்சானது. சிலையை நேரில் காணாத ரோதேனின் பார்வை கலை வரலாற்றில் ஏறிவிட்டது. அதே சிலைக்கு முன்னால் கட்டுச்சோற்று மூட்டையோடு நின்ற ஜனத்தின் பார்வை ஏறவில்லை. ஆனால் அந்த நிற்றலுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் சென்னை மாகாணத்துப் பெருங்கோயில்களுக்குள் நுழையச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கத் தொடங்கியது 1939இல்தான்; முழுமையான ஆலயப்பிரவேசச் சட்டம் 1947இல். அதற்கு முன்னால், கோயிலின் வெளிமதிலோடு நிறுத்தப்பட்ட ஒருவர் ஒரு சோழர் காலச் சாமியை முகத்துக்கு நேராகப் பார்க்கவேண்டுமென்றால் அவருக்கு இருந்த இடம் இந்தச் செத்த காலேஜ். சாதி கேட்டு உள்ளே விடும் விதி அங்கே இல்லை. சாமி செத்துப்போன இடம் என்பதால்தானே அவருக்குக் கதவு திறந்தது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இன்றும் வெண்கலக் கூடத்தில் செருப்புக் காலோடு நின்றபடியே கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது எந்த அளவுக்குச் செத்திருக்கிறது என்பதை ரசனைக்காரர்கள் சொல்லிவிட முடியாது.

உடனே இந்த நிறுவனத்தைப் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். 1885இல் இதன் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன்தான், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து சாதிகளைத் தரம்பிரிக்க முனைந்தவர். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. எல்லோரையும் பார்க்கவிட்ட அதே நிறுவனம் எல்லோரையும் பார்க்கப்படும் பொருளாகவும் ஆக்கியது. காட்சிப்பேழைக்கு வெளியே நிற்பவரும் ஒரு மாதிரிதான். பொது நிறுவனம் என்றாலே அதிகாரத்தின் கருவி என்று ஃபூக்கோவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் நண்பர்களோடு இந்த இடம்வரை நானும் வருகிறேன். அதற்குமேல், 'ஆகவே அரசு விலகட்டும்' என்று முடிக்கும்போது இறங்கிக்கொள்கிறேன். அரசு விலகிய இடத்தில் வந்து உட்காருகிறவர் யார் என்பது தெரிந்த கதை.

பியர் பூர்தியுவும் அலென் தார்பெல்லும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வருபவர்களைக் கணக்கெடுத்து 1966இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கட்டணம் இல்லாமல் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, படிப்பு ஏற ஏறத்தான் வருகை கூடுகிறது என்பது அதன் சாரம். நம் கணக்குப்பிள்ளைகள் இதைத் தமக்கு ஆதரவாக இழுப்பார்கள். ஆனால் செத்த காலேஜின் கூட்டம் பூர்தியுவின் அட்டவணையில் சரியாக உட்காராது. படிக்காதவர்கள் வந்தார்கள், திரும்பவும் வந்தார்கள். அவர்கள் வந்ததை 'வருகை' என்று மதிக்க அறிவாளிகளுக்குத்தான் மனசு வரவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். அதே வளாகத்தில் பக்கத்துக் கட்டடமான நூலகத்துக்கு வேறு வரலாறு. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சி அதன் பின்னால் இருந்தது. சொத்துவரியோடு சேர்த்து நூலகத்துக்கென்றே ஒரு மேல்வரியை உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் தரவேண்டும். இப்போது அது சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. கட்டுவது வீட்டுக்காரர் என்று சொல்வார்கள். வாடகையில் அதை ஏற்றாத வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. ஆக, ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் தையல்காரரும் மெஸ்ஸில் மாவாட்டுகிறவரும் தமக்குத் தெரியாமலே மாதாமாதம் நூலகத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'சோத்துக்கே வழியில்லாதவன் கட்டுற வரி' என்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிக் கட்டியவருக்கு அங்கே என்ன பாத்தியதை என்று அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

உள்ளாட்சிகள் இந்த வரியை வசூலித்துவிட்டு நூலகத்துக்குத் தராமல் வைத்திருப்பது அவ்வப்போது செய்தியாகிறது. அப்போது பத்திரிகைகள் 'பாக்கி' என்று எழுதுகின்றன. பாக்கி என்றால் கடன். கடன் என்றால் கேட்கலாம், வழக்கும் போடலாம். அருங்காட்சியகத்துக்குப் பாக்கி என்று ஒன்று கிடையவே கிடையாது. அதற்கு ஆண்டு ஒதுக்கீடுதான். குறைத்தால் குறைந்தது. தேசியக் கலைக்கூடம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. தெருவில் யாரும் அதைத் தன் நஷ்டமாகப் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தபோது மாணவர்களும் எழுத்தாளர்களும் கிளம்பினார்கள், வழக்குகள் வந்தன, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. எதிரே வைக்கப்பட்டது மருத்துவமனை, அதுவும் குழந்தைகளுக்கு. அதை மறுத்துப் பேசுவது லேசான காரியமில்லை. பேச முடிந்ததற்குக் கட்சி அரசியல் ஒரு காரணம். நூலகம் என்பது தங்களுக்குச் சேரவேண்டியது என்று அறுபது வருஷமாக ஊறிப்போயிருந்த எண்ணமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நூலக வரி குறையில்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. சொத்து அதிகமுள்ள நகரத்துக்கு அதிகப் பணமும் குடிசைகள் உள்ள ஊருக்குச் சொற்பமும்தான் அது தருகிறது. எந்தப் புத்தகம் வாங்குவது என்பதில் நடக்கும் கூத்து தனிக் கட்டுரைக்கு உரியது. இருந்தாலும், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போன கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கலை, பாரம்பரியம், பொது நூலகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எந்தக் கூடத்துக்கு விளக்குப் போடுவது, எதை இருட்டில் விடுவது என்று தீர்மானிப்பது கம்பெனி. சுவரில் அதன் பெயர்ப்பலகை வரும். தையல்காரரின் பெயர்ப்பலகை எந்த நூலகத்திலும் இல்லை.

அருங்காட்சியகத்துக்கும் கூத்துக் குழுக்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் இப்படியொரு பெயர் சொன்ன வரி சாத்தியமா என்பதை நம் கலைஞர்கள் விவாதிக்கலாம். விருதுப் பட்டியலுக்கும் மானிய விண்ணப்பத்துக்கும் செலவாகிற நேரத்தில் பாதி போதும். வரி கட்டுகிறவர் அதற்காக ரசிகராக இருந்தாக வேண்டியதில்லை. காணும் பொங்கலன்று பிள்ளைகளோடு வந்து, திமிங்கல எலும்பைப் பார்த்துவிட்டு, நடராசரைக் கடந்து போய், மரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்க்கலாம்.